ஒரு புள்ளிக்கு ஒரு அடி

பிக்கெட் ஊரில் வெர்னா டோலிவரைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்றுக் குடிவந்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் இறக்கியவள் அவள். மஞ்சள் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே, எவன் எவள் சடையை இழுக்கிறான் என்று பெயர் சொல்லி அதட்டுவாள். அந்தப் பையன்களுக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. இருந்தும் அவள் குரல் கேட்டால் கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

பேருந்து ஓட்டும் உரிமத்தையே அவள் இழுபறியில்தான் வாங்கினாள். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் தேறினாள். அன்று மாலை அவள் புருஷன் லைல், கூட்டாளிகளை வைத்துக்கொண்டு, இவள் ஓட்டுகிற வண்டியில் எவன் பிள்ளையை ஏற்றுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வெர்னா உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அவன் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டிவைத்தாள். பிறகு லைல் சரக்குப் படகு வேலைக்கென்று ஆற்றோடு தெற்கே போனான், போனவன் போனவன்தான். மகனைத் தனியாளாக வளர்த்தாள். அவன் மெம்ஃபிஸில் நல்ல வேலையில் இருக்கிறான், ஆனால் கால்பந்து பார்ப்பதில்லை. அதை மட்டும் அவள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. பிக்கெட் கல்லூரி அணிக்குப் பெயர் கெளுத்திகள். மிசிசிப்பி ஆற்றங்கரை ஊருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆட்ட நாளில் ஊரில் எந்த அடுப்பிலும் கெளுத்தி மீன் பொரியாது. ஒரு வருஷம் தோற்றபோது, எவள் வீட்டிலோ மீன் வாசனை வந்தது என்று தெருவே சண்டை போட்டுக்கொண்டது.

ஆற்றங்கரைத் திடலில் ஒரு மணி இருக்கிறது. எந்தக் காலத்திலோ தரைதட்டிய நீராவிப் படகின் வெண்கல மணி. சொந்த ஊரில் ஜெயித்தால், எத்தனை புள்ளி வித்தியாசமோ அத்தனை முறை அதை அடிப்பார்கள். ஆட்டத்துக்குப் போகாதவர்கள் வீட்டு வாசலில் நின்று விரல் விட்டு எண்ணுவார்கள். அக்கரையில் மார்லோ இருக்கிறது. மாநிலமும் வேறு, கல்லூரியும் வேறு, பகை மட்டும் பொது. அவர்களும் எண்ணுவார்கள். ஒரு தடவை மார்லோ மாணவர்கள் விடியற்காலையில் படகில் வந்து, எங்கள் மணியை எங்கள் காதிலேயே அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மணியின் நாக்கை ஆட்டம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கமாயிற்று.

அந்த நாக்கு வெர்னாவிடம் இருக்கிறது. அவளுக்கு முன்பு அடித்தவன் ஒரு நாள் பீர் மயக்கத்தில் இரண்டு அடி கூடுதலாக அடித்துவிட, மார்லோக்காரர்கள் ஒரு வருஷம் முழுக்க எங்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று கேலி செய்தார்கள். குடிக்காத ஆள் யார் என்று ரசிகர் கமிட்டி தேடியபோது வெர்னாதான் அகப்பட்டாள். அவள் கமிட்டியில் உறுப்பினர்கூட இல்லை. கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் அங்கே நாற்காலி. வெர்னா கல்லூரிக்குள் போனதென்றால் மைதானத்துக்கு மட்டும்தான். ஆனால் மணிக்கயிறு அவள் கையில். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பழைய தோள்பையில் நாக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திடலில் நடந்து வந்தால் கூட்டம் விலகி வழி விடும். வாரம் முழுதும் மற்றவர் பிள்ளைகளின் எச்சிலையும் சண்டையையும் துடைப்பவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர்.

அந்தச் சனிக்கிழமை செயின்ட் ஆல்பின் என்ற சிறு கல்லூரி ஆட வந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு போவதற்காகவே அழைக்கப்பட்ட அணி. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று காலையிலேயே சுட்ட இறைச்சியும் பாட்டுமாக வண்டிகளைச் சுற்றி ஊரே கூத்தடித்தது. வெர்னாவின் கை வலிக்கப்போகிறது, யாராவது தைலம் வாங்கி வையுங்கள் என்று கிண்டல் வேறு.

ஆட்டம் தொடங்கியதும் கிண்டல் அடங்கியது. நம் பையன்கள் பந்தைப் பிடித்தால் நழுவியது, எறிந்தால் எதிராளி மடியில் போய் விழுந்தது. எப்படியோ பதினான்கு புள்ளி எடுத்து முன்னால் இருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் செயின்ட் ஆல்பின் பையன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டினான். அதற்கு ஆறு புள்ளி; ஏழில் இருந்தவர்கள் பதின்மூன்றுக்கு வந்துவிட்டார்கள். இனி பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று, ஆட்டம் சமம். உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

ஜெயித்த அணியை எங்கள் ஊர் ஊளையிட்டு அனுப்பியது. பந்தெறியும் பையன் ட்ரெவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே போனான், கழற்றினால் முகம் தெரியுமே. வெர்னாவுக்குப் பின்வரிசையில் இருந்த டெல்பர்ட், டயர் கடைக்காரன், வாய்க்கு மேல் கையைக் குவித்து ஊளையிட்டான். வெர்னா திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான், ஆனால் அவள் ஒருத்தியால் எத்தனை வாயை மூட முடியும்? வெளியே வந்தால் ஒவ்வொரு வண்டி வானொலியிலும் புலம்பல். பயிற்சியாளரைத் துரத்து என்றான் ஒருவன். இது வெற்றியா, இழவு வீடா என்றான் இன்னொருவன். தோற்றிருந்தாலாவது மானமாக இருந்திருக்கும் என்று ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திடலுக்கு அவள் வந்தபோது கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. அக்கரையில் மார்லோக்காரர்களின் வண்டிகள் வரிசையாக ஆற்றைப் பார்த்து நின்றிருந்தன. கணக்கு அவர்களுக்குக் கைப்பேசியிலேயே தெரிந்திருக்கும். பிக்கெட்காரன் என்ன செய்யப்போகிறான் என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

மணிக்கம்பத்துக்கு முன்னால் கமிட்டித் தலைவன் ராய்ஸ் ஹெம்ப்ஹில் நின்றான். வண்டி விற்பவன், தடித்த ஆள், வெர்னாவின் பேருந்தில் மூன்றாவது இருக்கையில் வளர்ந்தவன்.

"இன்னைக்கு மணி கிடையாதுக்கா. வீட்டுக்குப் போ."

"ஏன், தோத்துட்டமா?"

"ஜெயிச்ச மாதிரியா இருக்கு? அவன் பந்து கம்பத்துல பட்டுச்சு, நாம தப்பிச்சோம். அவ்வளவுதான்."

"கம்பம் யாரு கம்பம்? நம்ம கம்பம்தான?"

யாரோ சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. அக்கரையைக் கை காட்டினான். ஒரே ஒரு அடி அடித்தால் அடுத்த வருஷம் வரைக்கும் இதைச் சொல்லியே நம்மைக் கொல்வார்கள் என்றான். அப்போது டெல்பர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு வழி சொன்னான். பேசாமல் இருபது அடித்துவிடலாம், நெஞ்சை நிமிர்த்தி அடித்தால் எவன் எண்ணப்போகிறான் என்றான். இரண்டு மூன்று பேர் அதற்கும் தலையாட்டினார்கள். ஊருக்கு மானம் போனால் புத்தியும் சேர்ந்து போய்விடுகிறது.

"மார்லோ பூரா எண்ணிக்கிட்டு நிக்குது. உனக்குத்தான் எண்ணத் தெரியாது டெல்பர்ட், நாலாங்கிளாஸ்லயே தெரியாது" என்றாள் வெர்னா.

அவள் தோள்பையை இறக்கி, துண்டைப் பிரித்தாள். ராய்ஸ் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான். அடித்தால் இதுவே அவளுக்குக் கடைசி. நாக்கைத் தன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், திங்கட்கிழமை கமிட்டியில் வேறு ஆளை வைத்துவிடுவான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டி விற்கிற முகம் அல்ல அது.

இந்தக் கயிறு போனால் சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு என்ன இருக்கிறது? வாசலில் நின்று எண்ணுகிறவர்களில் ஒருத்தி. அன்று கூட்டாளிகளோடு லைல் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அதன் பிறகு அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ராய்ஸ் மெல்லப் பேசியதற்கு அவள் ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"கேவலமாத்தான் ஆடுனாங்க. நான் இல்லேங்கல. பந்த வெண்ணெய் தடவி வச்ச மாதிரி நழுவ விட்டாங்க. ஆனா ஜெயிச்சாங்க. நாப்பதுக்கு மணி அடிச்சப்ப ஆட்டம் போட்டீங்கல்ல? ஒண்ணுக்கு வாயப் பொத்திக்கிட்டு நிப்பீங்களா? அந்தப் பையன் ட்ரெவர் முகத்தக் காட்ட முடியாம உள்ள போறான். அவன் ஜெயிச்ச பையன்யா. அவனுக்கு வர வேண்டிய அடி ஒண்ணு. அத நான் குடுத்துட்டுத்தான் போவேன்."

மணிக்குள் கை விட்டு நாக்கை மாட்டினாள். திருகாணியை முடுக்கினாள். ராய்ஸ் கயிற்றை மறித்துக்கொண்டு நின்றான். "தள்ளுடா" என்றாள், பேருந்தில் சொல்வது போலவே. அவன் யோசிப்பதற்குள் கால் தானாக நகர்ந்துவிட்டது.

ஒரே இழுப்பு.

வெண்கலச் சத்தம் தண்ணீர் மேல் ஓடி அக்கரைக்குப் போனது. பழக்கதோஷத்தில் எல்லோரும் இரண்டாவதற்குக் காத்திருந்தார்கள். வரவில்லை. ஒரு அடி எவ்வளவு நேரம் கேட்கும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் ஒன்றன் சத்தத்தை அடுத்தது தின்றுவிடும்.

அவள் நாக்கைக் கழற்றி ராய்ஸின் கையில் வைத்தாள். கனம் தாங்காமல் அவன் இரண்டு கையாலும் பிடித்தான். அவள் கண் நிறைந்திருந்தது. அதை யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்தியே நின்றாள்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஒரு ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தரம், குட்டையாக. பிறகு இன்னொரு வண்டி, அதுவும் ஒரே தரம். பிறகு வரிசையாக ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு தரம், எங்கள் ஒற்றை அடியைப் போலவே அடித்துக் கேலி செய்தன. நடுவில் மார்லோ ஆட்களின் சிரிப்பும் தண்ணீரில் வந்தது.

இவ்வளவு நேரம் தன் அணியைத் தானே திட்டிக்கொண்டு நின்ற ஊருக்கு ரோஷம் வர அது போதும். நாங்கள் திட்டலாம், அவன் யார் சிரிக்க? முதலில் டெல்பர்ட் ஓடிப்போய்த் தன் வண்டி ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். அடுத்து இன்னொருவன். பயிற்சியாளரைத் துரத்தச் சொன்னவன் வண்டிக் கூரை மேல் ஏறி, கெளுத்திகள் வாழ்க என்று தொண்டை கிழியக் கத்தினான். இழவு வீடு என்றவனும் கத்தினான். திடல் முழுக்க ஹாரன். ட்ரெவரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கல்லூரி விடுதி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், அவனுக்குக் கேட்டிருக்கும்.

ராய்ஸின் காது மடல் சிவந்திருந்தது. மார்லோப் பக்கம் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், கையிலிருந்த நாக்கைப் பார்த்தான். அதை அவளிடம் நீட்டினான்.

"மாட்டுக்கா. அடி."

"எத்தன?"

"அவனுங்க வாய மூடற வரைக்கும் அடி. கயிறு இனி என்னைக்கும் உனக்குத்தான், நான் கமிட்டியில பேசிக்கிறேன். அடி."

கூட்டமும் சேர்ந்து அடி, அடி என்றது. ஊரே தன் பெயரைச் சொல்லிக் கெஞ்சுவதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் நாக்கை வாங்கிக்கொண்டாள். மணியைப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்து அதை நிதானமாகச் சுற்றினாள்.

"ஒண்ணு அடிச்சாச்சு ராய்ஸ். நாம ஜெயிச்சது அவ்வளவுதான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கூட்டம் ஹாரனை நிறுத்தி வழி விட்டது. நாக்கைத் திருப்பிக் கேட்க ராய்ஸுக்கு வாய் வரவில்லை.