இடக்கைத் தையல்

லண்டன் மோர்டனில் இருக்கும் வசந்தமலருக்குச் சோறு போட்டது கந்தல்தான். எகிப்திலோ சூடானிலோ மண்ணுக்குள் கிடந்த துணித்துண்டை லென்ஸுக்குக் கீழே வைத்து, நூலை எந்தப் பக்கம் முறுக்கினார்கள், எந்தக் கையால் தைத்தார்கள், எந்த நூற்றாண்டு என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருபவர்.

"செத்தவையின்ரை உடுப்பைக் கிண்டுறதும் ஒரு உத்தியோகமே?" என்று குரோய்டனில் இருக்கும் தயாநிதி பகிடி பண்ணுவார். தயாநிதி, வசந்தமலரின் தம்பி சிவதர்ஷனின் மனைவி. பின்னால் வருகிறேன் என்று மனைவியையும் மகளையும் லண்டனுக்கு அனுப்பிவிட்டு, 2009இல் வன்னியில் காணாமற்போனவர் சிவதர்ஷன். தயாநிதி இன்றுவரை பொட்டழிக்கவில்லை. திவசம் செய்யச் சொன்னவர்களின் வீட்டு வாசலை அதன்பிறகு மிதித்ததுமில்லை.

போன சித்திரையில், வன்னியில் ஒரு புதைகுழியைத் தோண்டியவர்கள் துணிகளின் படங்களை அனுப்பி வசந்தமலரிடம் கருத்துக் கேட்டார்கள். பதினோராவது படம் ஒரு சாரம், ஆண்கள் இடுப்பில் உடுத்தும் லுங்கி. பருத்தி உக்கிவிட்டது, இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்டிய பொலியெஸ்டர் நூல் மட்டும் அப்படியே கிடந்தது. வழக்கம்போல் குறிப்பெழுதினார்: 'கையால் மூட்டியது. தைத்தவர் இடக்கைக்காரர். சரியான அவசரக்காரர். பச்சை நூல் முடிந்து, கடைசி நாலு விரற்கடை வெள்ளை நூல்.'

எழுதி முடித்ததும்தான் இடக்கையில் பென்சில் நின்றது. ஐயோ, அந்த அவசரக்காரி அவரேதான்! கடைசிப் போருக்கு முந்திய சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது, "அக்கா, கெதியாத் தா, பஸ் போகப்போகுது" என்று தம்பி பக்கத்தில் நின்று துள்ள, லண்டனிலிருந்து கொண்டுபோன நூலால் அவர் மூட்டிக் கொடுத்த சாரம் அது.

மூன்று நாள் யோசித்தார். சொன்னால் தயாநிதி உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தம்பியைத் தானே மறுபடி மண்ணுக்குள் தள்ளுகிற பாவம். நாலாம் நாள் ட்ராம் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டார்.

தயாநிதி கத்தவில்லை. படத்தை விரலால் தடவினார்.

"ஓம், இவரின்ரை சாரம்தான். எண்டைக்கு, மச்சாள்?" என்றார்.

"என்ன எண்டைக்கு?"

"இவர் எண்டைக்குச் செத்தவர்? ஆயிரம் வருசத்துத் துணிக்கும் காலம் சொல்லுறனீங்களெல்லே, எனக்கு இந்த ஒரு நாளைச் சொல்லுங்கோவன். நான் இஞ்சை பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அண்டைக்கோ?"



"அது துணியிலை தெரியாது, தயா," என்றார் வசந்தமலர்.