வாத்தியார் வீட்டு ஊறல்

கல்லிடைக்குறிச்சியில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஊரே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஸ்ரீசரண் விஷயத்தில் ஊர் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. புரோகிதம் பார்க்கிறான், வெளியூர் போகாமல் இங்கேயே இருக்கிறான், போதாக்குறைக்கு மீன் வேறு வளர்க்கிறான் என்றது.

முதல் இரண்டுக்கும் அவன் பொறுப்பில்லை. அவன் அப்பா வைதிக வாத்தியார். அவர் போனதும் அவரிடம் தர்ப்பணமும் ஆயுஷ்ஹோமமும் செய்துகொண்டிருந்தவர்கள் பிள்ளையிடம் வந்தார்கள். ஊரைவிட்டுப் போன குடும்பங்கள், “நம்ம வேதத்தை யாராவது காப்பாத்தணும்” என்று அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தன. காப்பாற்றுகிறவனுக்கு ஒரு பெண்ணைக் கொடுக்கலாம் என்று மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் தோன்றவில்லை. வேதம் வாழ வேண்டும். அது இன்னொருத்தர் மாப்பிள்ளையாக வாழட்டும்.

மீன் மட்டும் அவனே தேடிக்கொண்டது. கூடத்தில், சாமி அலமாரிக்கு எதிரே ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி. கடையில் விற்கிற பிளாஸ்டிக் செடி, மூடித் திறக்கும் சிப்பி, முத்துக்குளிக்கும் பொம்மை எதுவும் அதில் கிடையாது. கன்னடியன் கால்வாயிலிருந்து வேரோடு கொண்டுவந்த நீர்ச்செடிகளும் ஆற்றுக் கூழாங்கற்களும்தான். நடுவே விரல்நீளக் கெண்டைகள் கூட்டமாகத் திரும்பும். தெருவில் சிலருக்கு இது உறுத்தியது. மீனைத் தின்பவனைப் பற்றி நமக்குத் தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது. தின்னாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முப்பத்தைந்து வயதில் அவனுக்கு ஒரு வரன் கூடி வந்தது. பெண் ஹம்ஸினி, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஆசிரியை. அவளுக்கும் வயது ஏறியிருந்தது. அதனால்தான் அவள் வீட்டார் ஒரு வாத்தியார் ஜாதகத்தைக் கையில் வாங்கினார்கள். ஜாதகம் பொருந்தியது. பையன் போட்டோவை அனுப்பினார்கள். ஹம்ஸினி பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அவர் பின்னால தெரியறதே, அந்தத் தொட்டில இருக்கிறது நிஜச் செடியா?” என்று கேட்டாளாம்.

அந்தக் கேள்வியிலேயே ஸ்ரீசரண் விழுந்துவிட்டான். தினமும் தொட்டியைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். புது இலை விட்டால் ஒரு படம், மீன் முட்டையிட்டால் ஒரு படம். வேறு எதையும் பேசத் தெரியாதவனுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. அவளும் செடியின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பதில் போட்டாள். இன்றைய தேதியில் இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் பெற்றோரும் பெண்ணின் மாமாவும் வீடு பார்க்க வருவதாக முடிவாயிற்று.

அந்தச் சமயம் பார்த்துத் தொட்டியில் பாசி பிடித்தது.

முதலில் கண்ணாடியில் பச்சையாக ஒரு படலம். பிறகு இலைகளின் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கியது. படத்துக்கு நன்றாக இருக்கட்டும் என்று அவன்தான் புதிதாக ஒரு விளக்கு வாங்கி மாட்டி, காலையிலிருந்து ராத்திரிவரை எரியவிட்டிருந்தான். செடி செழிக்கட்டும் என்று உரமும் போட்டிருந்தான். அம்பாசமுத்திரத்தில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் நமச்சிவாயம் அண்ணாச்சியிடம் ஓடினான்.

“பந்தியில உக்காந்திருக்கீரு,” என்றார் அண்ணாச்சி. “இலையில எல்லாம் வச்சாச்சு, சோறு மட்டும் வரல. நீரு கையக் கட்டிட்டு இருக்கீரு. பக்கத்துல ஒருத்தன், சோறு வந்தா என்ன வராட்டி என்னன்னு உம்ம இலையில கெடக்கத எல்லாம் அள்ளித் திங்கான். செடி நீரு. பாசி அவன்.”

“சோறுங்கறது?”

“கரியமில வாயு. வெளிச்சம் குடுத்துட்டீரு, உரம் குடுத்துட்டீரு, வாயு இல்ல. செடி என்ன செய்யும்? மொதல்ல வெளக்கக் கொறையும் சாமி. பாசியக் கையால பிச்சி எடும். வாரம் பாதித் தண்ணிய மாத்தும். அப்பறம் பைய வாயுவக் குடும். ஒரு மாசத்துல சரியாயிரும்.”

“ஞாயித்துக்கிழமை பொண்ணாத்துக்காரா வரா அண்ணாச்சி.”

“அப்ப பாசி ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கும் வே. அதுக்கு ஒம்ம முகூர்த்தம் தெரியாது.”

இவ்வளவு நல்ல புத்தியில் ஸ்ரீசரணின் காதில் விழுந்தது வாயு ஒன்றுதான். விளக்கைக் குறைக்க மனமில்லை, படம் மங்கிவிடும். சிலிண்டர் விலையைக் கேட்டான். அண்ணாச்சி சொன்னார். கொஞ்ச நேரம் இருவரும் கடையிலிருந்த மீன்களைப் பார்த்தார்கள்.

“வேற வழி உண்டு,” என்றார் அண்ணாச்சி கடைசியில். “வெல்லத்தண்ணியில ஈஸ்ட்டப் போட்டு ஒரு பெரிய பாட்டில்ல மூடி வையும். புளிக்கப் புளிக்க வாயு வரும். மூடியில ஓட்ட போட்டு ட்யூபச் செருகி, தொட்டிக்குள்ள விட்டுரும். ஆனா ட்யூப எங்கனயும் மடக்கிராதியும். போக வழி இல்லன்னா பாட்டிலு வெடிச்சிரும்.”

“வெடிச்சா மீனுக்கு ஆபத்தா?”

“மீனுக்கு என்ன? வீடு பூரா சாராய வாடை அடிக்கும். ஒம்ம வீட்டுக்கு அது தேவையா?”

ஸ்ரீசரண் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான். வீட்டில் பாட்டிலைக் கண்ட அவன் அம்மா சுப்புலக்ஷ்மி, “இது என்னடா, பாகா?” என்று கேட்டாள். “செடிக்கு மருந்தும்மா” என்றான். புளித்தல், வாயு, மடக்கக் கூடாது என்பதையெல்லாம் விளக்கினால் அம்மா பயப்படுவாள் என்று நினைத்தான். மந்திரத்துக்குக்கூட அர்த்தம் சொல்லிப் பழக்கமில்லாத தொழில்.

மருந்து வேலை செய்தது. ட்யூப் வழியாகக் குமிழிகள் வந்தன. இலைகள் மேல் பொடிப்பொடியாகக் காற்று முத்துகள் ஒட்டி நின்று, பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறின. பாசியும் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது மேற்கொண்டு பரவவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை ஹம்ஸினிக்கு எழுதினான். “வந்து பார்க்கறேன்” என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தைக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் வெல்லத்தையும் ஈஸ்ட்டையும் இரட்டிப்பாகப் போட்டுப் புது பாட்டில் வைத்தான்.

ஞாயிறு விடியற்காலை ஆழ்வார்குறிச்சியில் ஒரு கிரகப்பிரவேசம். வாத்தியாருக்குத் தன் வீட்டு விசேஷம் என்று லீவு கிடையாது. அவன் அங்கே அக்னி வளர்த்துக்கொண்டிருந்தபோது, இங்கே சுப்புலக்ஷ்மி வீட்டைத் துடைத்துக் கோலம் போட்டுவிட்டுக் கூடத்தை ஒருதடவை பெண் வீட்டார் கண்ணால் பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்துச் சின்ன அலமாரியில் இருந்த பாட்டிலிலிருந்து தொட்டிக்கு ஒரு ட்யூப் தொங்கியது. ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற மாதிரி இருந்தது. வருகிறவர்கள் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? பாட்டிலை எடுத்துப் பக்கத்திலிருந்த பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். நீளமாகக் கிடந்த ட்யூபை அழகாக மடித்து வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள். பெஞ்சின் மேல் தன் பழைய பட்டுப்புடவையை, தரைவரை தொங்கும்படி விரித்தாள். நல்ல மனுஷி. எதையும் மறைக்க வேண்டுமென்றால் சுத்தமாக மறைப்பாள்.

பெண் வீட்டார் வந்தார்கள். ஸ்ரீசரணும் வேர்த்து விறுவிறுத்து அப்போதுதான் வந்து சேர்ந்தான். பெஞ்சில் உட்காரும் மரியாதை மாமா பஞ்சாபகேசனுக்குக் கிடைத்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் அவர் வாயால்தான் நடக்கும், அல்லது நிற்கும்.

ஹம்ஸினி நேரே தொட்டியிடம் போய்க் குனிந்தாள். “வாயு வர்றதுன்னேளே, குமிழியே காணோமே?”

ஸ்ரீசரண் திரும்பி அலமாரியைப் பார்த்தான். பாட்டில் அங்கே இல்லை. “அம்மா, அந்த பாட்டில்...”

மாமா கேசரியை ஸ்பூனில் எடுத்திருந்தார். பெஞ்சுக்கு அடியில் வெடித்தது.

சத்தம் பெரிதுதான், ஆனால் சத்தம் அடங்கிவிடும். நுரை அடங்கவில்லை. பட்டுப்புடவையைத் தள்ளிக்கொண்டு பழுப்பாகப் பொங்கி, மாமாவின் வேஷ்டியில் முழங்கால்வரை ஏறி, கூடம் முழுக்க ஓடியது. பின்னாலேயே வாடை வந்தது. தெருவிலிருந்து நாலு பேர் உள்ளே வந்தார்கள், வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் போகவில்லை.

பஞ்சாபகேசன் வேஷ்டி நுனியை எடுத்து ஒரே ஒருதடவை முகர்ந்தார். “சாராயம்,” என்றார். “வெல்லச் சாராயம். இன்னும் பதமாகலை.”

அத்தனை துல்லியமாக அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“மாமா, இது செடிக்கு,” என்றான் ஸ்ரீசரண். “பாசி வந்துடுத்து. கரியமில வாயு குடுத்தா செடி நன்னா வளரும், பாசி அடங்கிடும். அதுக்குத்தான்...”

“ஏண்டா அம்பி, நான் நாப்பது வருஷமா துளசிக்குத் தண்ணி விடறேன். செடிக்கு ஊறல் போடறவனை இப்பத்தான் பார்க்கறேன்.”

“அம்மா ட்யூபைக் கட்டிட்டா. அதனாலதான் வெடிச்சுது.”

“ஓகோ. அம்மாவுக்கும் தெரிஞ்சுதான் நடக்கறதா?”

சுப்புலக்ஷ்மி வாயைத் திறந்தாள். செடிக்கு மருந்து என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதையே சொன்னாள். மருந்து என்ற வார்த்தை அந்த இடத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம். பெண்ணின் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஹம்ஸினி மட்டும் தொட்டியில் இலைகளை இன்னொருதடவை பார்த்துவிட்டுப் போனாள்.

வாத்தியார் வீட்டில் ஊறல் போடுகிறார்கள் என்ற சேதி அன்று மத்தியானமே ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் போய்விட்டது. மறுநாள் நமச்சிவாயம் அண்ணாச்சி போன் செய்தார். “மடக்காதியும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?” என்றார். பிறகு, “நான் வேணா வந்து அவுங்ககிட்ட சொல்லட்டா?” என்று கேட்டார். மீன்கடைக்காரர் வந்து சாட்சி சொன்னால் நிலைமை எங்கே போய் நிற்கும் என்று யோசித்து, “வேண்டாம் அண்ணாச்சி” என்றான் ஸ்ரீசரண்.

ஊரைக் குறை சொல்லக் கூடாது. ஊர் நம்பவே இல்லை. பையன் குடிக்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல்வதற்கு இவ்வளவு ருசியான விஷயம் வருஷத்துக்கு ஒருதடவைதான் கிடைக்கிறது. அதை, பொய் என்கிற ஒரே காரணத்துக்காக யார் விடுவார்கள்? ஒரு பெரியவர், அவன் அப்பாவுக்குச் சிநேகிதர், ஒரு சாயங்காலம் வந்து மெல்ல உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று சுப்புலக்ஷ்மி காபி கொண்டுவந்தாள். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, “எல்லாம் கொட்டிப்போச்சா, கொஞ்சம் மிச்சம் இருக்காடா?” என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து ஹம்ஸினி போன் செய்தாள்.

“ஈஸ்ட் புளிச்சா என்ன வரும்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடறேன்,” என்றாள். “எனக்கு நீங்கோ ஒண்ணும் விளக்க வேண்டாம்.”

“அப்போ ஆத்துல சொல்லுங்கோளேன்.”

“சொன்னேன். ‘அவன் உனக்கும் கத்துக் குடுத்துட்டானா’ன்னார் மாமா.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

“பாட்டில் வெடிக்காட்டா வேற ஏதாவது வெடிச்சிருக்கும்,” என்றாள் பிறகு. “வாத்தியார் வேண்டாம்னு சொல்ல அவாளுக்கு பயம். பாவம் வந்துடும். குடிகாரன் வேண்டாம்னா யாருக்கும் பாவம் இல்லை.”

“உங்களுக்கு?”

“எனக்குச் சென்னையில ஒரு வரன் வந்திருக்கு. கம்பெனியில பெரிய உத்தியோகம். சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் எடுத்துப்பாராம். அவாளே முன்கூட்டிச் சொல்லிட்டா. ஒளிவுமறைவு இல்லாத குடும்பம்னு மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.”

சரி என்று சொல்லிவிட்டாளா என்று அவன் கேட்கவில்லை. விளக்கைக் குறைத்தாயிற்றா என்று அவள் கேட்டாள். குறைத்துவிட்டேன் என்றான்.

குறைத்துத்தான் இருந்தான். அண்ணாச்சி சொன்ன மாதிரி பாசியைக் கையால் பிய்த்தான், தண்ணீரை மாற்றினான். அவசரம் தீர்ந்துபோன மனிதனுக்குச் செடி வளர்ப்பது எளிது. ஒரு மாதத்தில் பாசி முக்கால்வாசி போய்விட்டது.

சுப்புலக்ஷ்மிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ட்யூபைக் கட்டியது தன் கைதானே? தரகரைக் கூப்பிட்டு, பிள்ளையின் வரன் விளம்பரத்தில் புதிதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: மதுப்பழக்கம் அறவே கிடையாது. “வேண்டாம் மாமி, யாரும் போடறதில்லை,” என்றார் தரகர். “நெஜத்தைப் போடறதுக்கு என்ன?” என்றாள் அவள்.

விளம்பரம் வந்ததும் முன்பைவிட அதிகமாகவே போன் வந்தது. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். போன வாரம் தென்காசியிலிருந்து ஓர் அம்மாள் பேசினாள். நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “தப்பா நினைச்சுக்காதீங்கோ மாமி. குடிக்கமாட்டான்னு தனியா ஒரு வரி போட்டிருக்கேளே, ஏன்?” என்றாள்.

சுப்புலக்ஷ்மிக்குப் பொய் வராது. ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும், பிள்ளையைவிட நன்றாகவே சொல்வாள்.

“ஒண்ணுமில்லை மாமி, தொட்டியில பாசி வந்துடுத்து. ஏன் வர்றதுன்னா, செடிக்கு வெளிச்சம் இருக்கு, உரம் இருக்கு, கரியமில வாயு போறலை. வாயு போறலைன்னா செடி அப்படியே நின்னுடும், பாசி மேல ஏறிடும். அதனால வாயு நாமதான் குடுக்கணும். அதுக்கு வெல்லத்தைக் கரைச்சு, ஈஸ்ட்டைப் போட்டு, புளிக்க விட்டு...”

கூடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்ரீசரண், “அம்மா, போனை வெச்சுடு,” என்றான்.

“இருடா,” என்றாள் சுப்புலக்ஷ்மி. “கேட்டுண்டுதான் இருக்கா.”