ஏசி ஹாலில் கோழி பொம்மை

கூட்டத்தைக் கூட்டிய டிராயிங் வாத்தியார். மைக்செட்காரர். வாத்தியாரிடம் படித்த பெண்கள் நாலு பேர். ஹால் வாட்ச்மேன், ஸ்டூல் போட்டுக்கினு. என் பொண்டாட்டி, கடைசி வரிசையில், சாப்பாட்டுக் கூடையோடு. அப்புறம் நான்.

விழுப்புரத்தில் ஒரு சின்ன ஹால். மத்தியானம்.

எனக்குத் திண்டிவனத்தில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை. படிப்பு ஏழாவதோடு சரி. மூணு வருஷமாக உடைந்த பொம்மைகளை வாங்கி, உள்ளே ஒயரை மாற்றி வைக்கிறேன். பாட்டு இல்லை. சத்தம். கோழி பொம்மையில் பட்டனை அமுக்கினால் கோழி ஒரு தடவை கத்தும். முதுகைக் கழற்றி போர்டில் ரெண்டு இடத்தில் விரலை வைத்தால் அந்தக் கத்தல் இழுத்துக்கினே போகும், தண்ணி இல்லாத போரில் மோட்டார் ஓடுகிற மாதிரி. அழுத்த அழுத்த மாறும். அதை செல்போனில் பிடித்து டிராயிங் வாத்தியாருக்கு அனுப்பினேன். அவர் இந்தக் கூட்டத்தைக் கூட்டி, பத்து நிமிஷம் வாசிக்கக் கூப்பிட்டார்.

வீட்டில் கட்டிலுக்கடியில் பூரா பொம்மை. பெருக்க முடியவில்லை என்று பொண்டாட்டிக்கு பேஜாரு. "பத்து நிமிஷம் நிக்காம சத்தம் வரலன்னா எல்லாத்தையும் காயலாங்கடையில போட்டுடறேன்" என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்தேன். சொன்னால் சொன்னதுதான்.

பட்டனை அமுக்கினேன். கோழி கத்தியது. விரலை வைத்தேன். ஒண்ணுமில்லை.

"நம்ம லைன் கரெக்டா கீது தலைவரே" என்றார் மைக்செட்காரர்.

பேட்டரி மாற்றினேன். அப்பவும் இல்லை. பிறகுதான் கையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. என் கடைக்குத் தகரக் கூரை. அங்கே விரல் எப்பவும் உப்பு வேர்வையில் ஊறியிருக்கும். கரண்ட் அந்த ஈரத்தில்தான் தாண்டியது. இங்கே ஏசி. காய்ந்த கையோடு ஒருநாளும் நான் வாசித்துப் பார்த்ததில்லை.

தண்ணி தொட்டு வைத்தேன். லேசாக முனகி நின்றது.

"உப்பு வேணும்" என்றேன்.

"கூடையில ஊறுகா கீது, தொட்டுக்கிறியா?" என்றாள் கடைசி வரிசையிலிருந்து. பெண்கள் சிரித்தார்கள்.

"கொண்டா."

"இன்னாய்யா, நெசமாவா?"

"ஜல்தியா கொண்டாம்மே."

எலுமிச்சை ஊறுகாய். சாற்றில் ரெண்டு விரலையும் நனைத்து வைத்தேன். கோழி இழுக்க ஆரம்பித்தது. விரலை எடுத்தால் நின்றுவிடும். காய்ந்தாலும் நின்றுவிடும். அவளே பக்கத்தில் நின்று ஸ்பூனால் சாற்றைச் சொட்டிக்கினே இருந்தாள்.

"தாளிக்கிறது ஒண்ணுதான் பாக்கி" என்றார் வாட்ச்மேன்.

வாத்தியார் கை காட்டினார். நிற்காமல் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. விரலை எடுத்தேன்.

பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கினு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்.

"கட்டிலுக்கடியில வேணாம். பரண்ல ஏத்திக்கோ."

மறுநாள் ஒவ்வொன்றாக ஏற்றினேன். முப்பத்தி ஒண்ணு.