சூசை மாமா தூங்கவில்லை

"அந்தத் தூங்குமூஞ்சி டிரைவர் போயிட்டானாம். ஐஸ் கம்பெனியில நெஞ்சுவலியாம்." கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார். என் தட்டில் பாதி இட்லி இருந்தது. பள்ளிச் சீருடையோடு எழுந்து கைகழுவப் போய்விட்டேன்.

நாளை சூசை மாமாவின் முப்பதாம் நாள் செபம். "நீ நல்லா எழுதுவியே, மாமாவப் பத்தி நாலு வரி எழுதி வாசிம்மா" என்று அத்தை கேட்டிருக்கிறார். ஜெகதாப்பட்டினத்தில் அவரைத் தெரிந்த எல்லோரும் வருவீர்கள். அப்பாவும் வருவார். அடுத்த அறையில் அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து எழுதுகிறேன்.

மாமா எங்கள் விசைப்படகின் டிரைவர். முன்பு கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கிய செக்ஸ்டன்ட் ஒன்று அவரிடம் இருந்தது. அடிவானத்திலிருந்து நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் பித்தளைக் கருவி. அறிவியல் கண்காட்சிக்காக அதில் ஒரு சென்சார் பொருத்தினேன். கோணம் சின்னத் திரையில் எண்ணாகத் தெரியும். "கண்ணாடி போடாமலே படிக்கலாம்போல. நான் கெழவனானது ஒனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்று சிரித்தார். சரிபார்க்கிறேன் என்று அவரே கடலுக்குக் கொண்டுபோனார்.

சென்சாருக்கு ஒரு காந்தம் வேண்டும். சிறியதில் எண் நிலைகொள்ளவில்லை. பெரியதாக ஒன்றை உள்ளே ஒட்டினேன். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு கடலில் ஜிபிஎஸ் நின்றுபோனது. வானத்தை மேகமும் மூடியது. மாமா செக்ஸ்டன்டை வழக்கமான இடத்தில், காம்பஸ் பக்கத்தில் வைத்தார். பித்தளை, காம்பஸ் முள்ளை இழுக்காது. அத்தனை வருடமும் அங்கேதான் வைத்திருந்தார். இப்போது முள் திரும்பியது. படகு மணல்திட்டில் ஏறி அடிப்பலகை பிளந்தது. ஆட்கள் பிழைத்தார்கள்.

"தூங்குனியாடா?" என்று கரையில் எல்லோர் முன்னும் அப்பா கேட்டார்.

"ஆமாங்க. கண்ணசந்துட்டேன்."

மறுநாள் பள்ளி வாசலில் வந்து கருவியையும் அளவு எழுதிய நோட்டையும் கொடுத்தார். "திட்டுல ஏறுனப்பறம் இதத் தூக்குனப்பதான் முள்ளு ஆடுறதப் பாத்தேன். உள்ள காந்தமா?" நான் அழுதேன். "அழுவாத. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, படிச்சது போதும்னு வீட்டுல ஒக்கார வச்சுருவாரு. எனக்கென்ன, வேற போட்டு கெடைக்கும்."

கிடைக்கவில்லை. "தூங்குற டிரைவருக்கு எவன் போட்டு குடுப்பான்?" என்று கேட்டவர்களில் சிலர் நாளை முன்வரிசையில் இருப்பீர்கள். அவர் ஐஸ் கட்டி சுமக்கப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை பித்தளைத் தகட்டில் தெரிந்த பாகையையும் திரையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார். படகு திட்டில் ஏறியது மூன்றரைக்கு. கடைசி வரி மூன்று மணிக்கு: "மேகம். நச்சத்திரம் இல்ல. காம்பஸ் பாத்துப் போறேன். பாப்பாட்ட சொல்லணும், மிசின் நல்லாருக்கு."

அப்பா, அந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் நோட்டை உங்கள் கையில் தருவேன்.