குணேஸ்வரி மச்சாளின்ர வாயை ஆர் பொத்தினது?

நிலாவெளிக் கடற்கரையில குணேஸ்வரி மச்சாள் வாயைத் திறந்தா, ஹோட்டலில படுத்திருக்கிற வெள்ளைக்காரனும் எழும்பிடுவான். என்ர மனிசன்ர அக்கா அவ. அவவின்ர மனிசன் கோணேஸ்வரன் அத்தான்தான் கடலில விரிச்சுக் கயிறால கரைக்கு இழுக்கிற கரைவலைக்குத் தலைவர். ஆனா கரையில நிண்டு ஏசி வேலை வாங்கிறது மச்சாள். "டேய், காலமை சோறு தின்னேல்லையோ? இழுங்கோடா!" அத்தான் ஒண்டும் கதைக்கமாட்டார். அவருக்கு அந்தத் தேவை இருக்கேல்லை.

போன வருசம் அந்தக் குரல் இறங்கிப்போச்சு. நாலடி நடக்க மூச்சு வாங்கும், முகம் வெளிறிக் கிடக்கும். கேட்டா "வெயில்" எண்டுவா. எனக்கு விசர் வந்திட்டுது. ஓட்டோவில ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். எலும்பு மச்சையை எடுத்துச் சோதிச்சிட்டுச் சொன்னவை, இரத்தப் புற்றுநோய்க்கு முதல் படியில நிக்கிறாவாம். விட்டா ஏறிடுமாம்.

டொக்டர் நஜ்முன் நிஸா பொறுமையா விளங்கப்படுத்தினா. குரோமோசோம் எண்டா நாங்கள் பள்ளிக்கூடத்தில நிறமூர்த்தம் எண்டு படிச்சதுதான். அதில இருக்கிற ஜீன் எல்லாம் ஒரேயடியா வேலை செய்யக்கூடாது எண்டு உடம்பே சிலதை மூடி வைக்குமாம். பொம்பிளையளுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. கருவில இருக்கேக்கையே ஒவ்வொரு உயிர்க்கலமும் அதில ஒண்டை மூடிப்போடும்.

"அது நல்லதுக்கு அம்மா. ஆனா உங்களுக்கு, 'போதும், இனிப் பெருகாதே' எண்டு கலத்தை அடக்கிற ஜீனும் மூடுபட்டுப் போச்சு. ஜீன் பழுதில்லை. மேல மூடி ஒட்டியிருக்கு. இந்த ஊசி புதுசாப் பிறக்கிற கலத்தில அந்த மூடி ஒட்டவிடாது."

"என்ர வாயையே ஒருத்தராலயும் பொத்த ஏலாது. உள்ளுக்குள்ள ஆர் டொக்டர் பொத்தினது?" எண்டா மச்சாள். டொக்டர் சிரிச்சுப்போட்டா.

மாதத்தில ஒரு கிழமை ஊசி. முதல்ல இரத்தம் இன்னும் குறையும், பயப்பிடாதேங்கோ எண்டு டொக்டர் சொல்லித்தான் விட்டவ. சொன்னபடி குறைஞ்சுது. மூன்றாம் மாதம் நான் கூட்டிக்கொண்டு போக வந்தா, மனிசி பாயை விட்டு எழும்பேல்லை.

"இது சொறிமீன் ஏறின வலை. திறந்து விடவேணும்."

கரைவலைக்காரர் அப்பிடித்தான். மேல பட்டா எரியிற சொறிமீன் வலை நிறைய ஏறினா, வலை கிழிய முந்தி, மீன் சேருற நுனிப்பையான மடியை அவிழ்த்துக் கடலிலயே விட்டிடுவினம். அந்தப் புத்தியை இதிலயும் கொண்டுவந்து போட்டா பாருங்கோ, இனி ஊசி வேண்டாமாம்! நான் கத்தினன், அழுதன், கும்பிட்டன். ஒண்டுக்கும் அசையேல்லை.

வாசலில நிண்ட அத்தான் வாயைத் திறந்தார்.

"சொறியோ மீனோ எண்டு மடி கிட்ட வந்தாத்தானே தெரியும். மடி தண்ணிக்குள்ள கிடக்கேக்க கயிறை விட்டவனுக்கு நீ என்னவெல்லாம் ஏசியிருக்கிறாய்?"

மச்சாள் அவரை முழிச்சுப் பார்த்தா. அவ்வளவு நீளமா அவர் கதைச்சு நானும் கேட்டதில்லை. பிறகு எழும்பிச் சீலையை மாத்தினா.

ஆறாம் மாதம் டொக்டர் றிப்போட்டைப் பார்த்திட்டுக் கண்ணாடியைக் கழட்டினா. "இரத்தம் ஏறத் தொடங்கிட்டுது அம்மா. சுகம் எண்டு இன்னும் சொல்ல ஏலாது, ஊசியை நிப்பாட்டவும் ஏலாது. ஆனா மருந்து வேலை செய்யுது."

பஸ்ஸால இறங்கின மச்சாள் வீட்டை போகேல்லை. நேரே கடற்கரைக்கு நடந்தா. வலை பாதி வந்து நிக்குது, பொடியங்கள் கயிறைத் தொங்கவிட்டுக்கொண்டு கதை. அத்தான் முன்னுக்கு நிண்டு தனிய இழுக்கிறார்.

"டேய்! கயிறைப் பிடிச்சுக்கொண்டு கலியாணமோ பேசிறியள்? இழுங்கோடா!"

கடற்கரையே திரும்பிப் பார்த்துது. எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது. அத்தான் அப்பிடியே நிண்டு மச்சாளைப் பார்த்தார். கையில கிடந்த கயிறு நழுவி மண்ணில விழுந்துது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் தனியாச் சொல்லவேணுமோ? கயிறைப் பிடியுங்கோ!"