"எனக்கு ஒண்ணுமில்ல, ஊர்தான் போடாது": இரண்டு மாநிலங்களில் ஒரு வாரம் கதவு தட்டிய கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வாய்.

சென்ற அதிபர் தேர்தலுக்கு முந்தைய செப்டம்பர் மாதம், நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. என் மகள் நித்யாவுக்கு இருபத்தாறு வயது, ஒரு மருந்து கம்பெனியில் வேலை. அடுத்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக் கல்வி வாரியத் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னாள். நான் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, ஊர் போடணுமே? பொண்ணு, அதுவும் நம்ம கலர். யார் போடுவா?" என்றேன்.

"ஹௌ டூ யூ நோ, அப்பா? யாரையாவது ஆஸ்க் பண்ணியா?"

கேட்டதில்லை. ஐம்பத்து நான்கு வயதில் உலகத்தைப் பற்றி நான் வைத்திருக்கும் கருத்துகளில் முக்கால்வாசி யாரையும் கேட்காமல் வந்தவைதான்.

அந்த வருடம் அதிபர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவர் பெண், வெள்ளையர் அல்லாதவர். நித்யா அவருக்காகத் தன்னார்வலராகத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருந்தாள். அவளுக்குத் தமிழ் முழுசாகப் புரியும், வாயில் பாதிதான் வரும். பேச ஒரு ஆள் தேவை. "நீ வா. பீப்பிள் என்ன சொல்றாங்கன்னு கேளு. திரும்பி வந்து நீ சொல்றதை வச்சு நான் நிக்கிறதா வேணாமான்னு டிசைட் பண்றேன்" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திட்டம் போட்டது நான். இந்த நாட்டில் பிரசாரத்துக்குப் போகிறவர்கள் முடிவு இழுபறியாக இருக்கும் மாநிலங்களுக்குத்தான் போவார்கள். அங்கெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. ஹோட்டலில்தான் தங்க வேண்டும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் சொந்தமும் உண்டு, இலவச தோசையும் உண்டு. அந்த இரண்டு மாநிலங்களும் யாருக்குப் போடும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே போய் ஓட்டுக் கேட்டால் அதிபர் தேர்தலில் ஒரு துரும்பும் அசையாது. இதை நித்யா விமானத்தில் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தாள். ஆறேகால் மணி நேரம் என்னோடு பேசவில்லை. நியூஆர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆளுக்கு 189 டாலர், காலை 7.10 விமானம்.

விமான நிலையத்திலிருந்து ஃப்ரீமான்ட் சுமார் முப்பது மைல். பாலத்தைக் கடந்து போக ஐம்பது நிமிடம். சித்தப்பா மகன் சேகர் வீடு. மென்பொருள்காரன், சொந்த வீடு, சொந்த எலுமிச்சை மரம். வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான். "அண்ணா, இங்க வேஸ்ட் பண்ணாதீங்க. நாங்கள்லாம் அந்தம்மாவுக்குத்தான். பிராப்ளம் இங்க இல்ல, டெக்சாஸ்ல இருக்கு."

இரண்டு நாளில் பதினொரு வீடு தட்டினோம். ஏழில் ஒரே காட்சி. கதவைத் திறப்பது வீட்டம்மா. எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "என்னங்க, எலக்‌ஷன்காரங்க வந்திருக்காங்க!" என்பார். கணவர் வருவார், அம்மா காபி போடப் போவார். ஒரு வீட்டில் நித்யா விடவில்லை.

"ஆன்ட்டி, நீங்க என்ன திங்க் பண்றீங்க?"

"எனக்கென்னம்மா தெரியும், அங்கிள்தான் நியூஸ் பாப்பார்" என்றார் அந்த அம்மா. அவர் ஒரு வங்கியில் முப்பது பேருக்கு மேலதிகாரி என்று பிறகு சேகர் சொன்னான்.

அங்கிள் பார்த்த நியூஸ் இது: "கெட்டிக்காரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் குரல் இருக்கே, அதுல ஒரு அதிகாரம் இல்ல. எனக்குப் பரவால்ல. வெளிநாட்டுத் தலைவர்லாம் மதிக்கணுமில்ல?"

நான் தலையாட்டினேன். ஒருவர் வீட்டில் காபியை வாங்கிக் குடித்துவிட்டுத் தலையாட்டாமல் வருவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. காரில் ஏறியதும் நித்யா கேட்டாள்: "எதுக்குப்பா ஆமாம்னே?"

"மரியாதைக்கும்மா."

"யாருக்கு?"

சீட் பெல்ட் சிக்கிக்கொண்டதாக நடித்தேன்.

மூன்றாம் நாள் காலை ஹூஸ்டனுக்கு விமானம், நாலு மணி நேரம், ஆளுக்கு 164 டாலர். வாடகைக் கார் ஒரு நாளைக்கு 58. விமான நிலையத்திலிருந்து புறநகரான கேட்டி நாற்பது மைல். வழியெல்லாம் சுங்கச்சாவடிச் சாலை, காசு வாங்க ஆளே இல்லை, கேமரா மட்டும். அக்டோபரில் தொண்ணூற்று நாலு டிகிரி ஃபாரன்ஹீட். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என் தொப்பையின் உண்மையான அளவு முதல்முறையாக ஊருக்குத் தெரிந்தது.

நவராத்திரி ஐந்தாம் நாள் என்பதை மறந்து, மாலை ஐந்தரைக்கு ஒரு வீட்டு மணியை அழுத்திவிட்டேன். பட்டுப்புடவையில் உமா ஆன்ட்டி திறந்தார். "வாங்க வாங்க, யாரு வீட்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நித்யாவின் நெற்றியில் குங்குமம், என் கையில் சுண்டல் தட்டு. "ஒரு பாட்டு பாடும்மா." ஒன்பதாம் வகுப்போடு பாட்டு வகுப்பை விட்டவள், பாவம், பல்லவி மட்டும் பாடினாள். கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து பிரசுரத்தை எடுத்தாள்.

ஆன்ட்டியின் கணவர், ஓர் எண்ணெய் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் இன்ஜினியர், விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே உமா, இவங்க கொலுவுக்கு வரல, ஓட்டுக்கு வந்திருக்காங்க!"

"வரட்டுமே, சுண்டல் ஒண்ணுதானே."

அங்கிள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோ பாரும்மா, எனக்கு லேடீஸ் மேல மரியாதை உண்டு. ஆனா ஆர்மிக்கு கமாண்டர்னா விளையாட்டா? ஒரு பொம்பள ஆர்டர் போட்டா எவன் கேப்பான்? நான் கேப்பேன். வெள்ளைக்காரன் கேக்க மாட்டான். இருபத்தெட்டு வருஷம் பாத்துட்டேன். நான் டிரெய்னிங் குடுத்த பயலுங்க மூணு பேரு எனக்கு பாஸா வந்துட்டானுங்க. என்னையே ஏத்தாதவன் இந்தம்மாவை ஏத்துவானா?"

சிரிப்பு போயிருந்தது. அவர் கையிலிருந்த பிரசுரம் நாலாக மடிந்திருந்தது. அவருக்குப் பின்னால் கொலுவின் மேல்படியில் பதினெட்டுக் கை துர்க்கை, ஒவ்வொரு கையிலும் ஓர் ஆயுதம், காலடியில் அசுரன். நான் எதுவும் சுட்டிக்காட்டவில்லை. சுண்டலில் தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

"எந்த வெள்ளைக்காரன், அங்கிள்?" என்றாள் நித்யா.

"எவனா இருந்தா என்ன? இதோ, பக்கத்து வீட்டுக்காரனையே எடுத்துக்கோ. வாசல்ல லாரி மாதிரி ஒரு வண்டி நிக்குது பாரு. அவனெல்லாம் செத்தாலும் போட மாட்டான்."

நித்யா எழுந்தாள். நான் தடுப்பதற்குள் புல்வெளியைக் குறுக்கே கடந்து அந்த வீட்டு மணியை அடித்துவிட்டாள். நான் விருந்து இலையில் மிச்சம் வைத்து எழுந்தவன் மாதிரி சங்கடத்தோடு பின்னால் ஓடினேன். அறுபது வயதுக்காரர், தொப்பி, கையில் நாய்ச் சங்கிலி. பொறுமையாகக் கேட்டார். தனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றார். தன் அம்மாதான் குடும்பத்தையே நடத்தினார், பெண்கள் நன்றாகவே நடத்துவார்கள் என்றார். ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு, மோவாயால் அங்கிள் வீட்டைக் காட்டி, குரலைத் தணித்தார். "உங்க ஆட்கள் பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் பழைய மாதிரி, இல்லையா?"

நெற்றியில் குங்குமத்தோடு அவள் நின்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நித்யாவுக்கு வரவில்லை. "அப்பா, ஃப்ரீமான்ட் சேகர் சித்தப்பா டெக்சாஸ்ங்கறார். இந்த அங்கிள் நெக்ஸ்ட் டோர்ங்கறார். நெக்ஸ்ட் டோர் இந்த அங்கிள்ங்கறார். நீ பிஸ்கட்டவேங்கறே. எல்லாரும் இன்னொருத்தர் மேல பழியைப் போட்டுட்டு, அவங்க ஓட்டை மட்டும் போட மாட்டேங்கறீங்க."

இவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. மெச்சிக்கொள்ள வேண்டிய தருணம். மெச்சவில்லை.

ஐந்தாம் நாள் சுகர் லேண்ட், கேட்டியிலிருந்து இருபத்துநாலு மைல். காலைப் போக்குவரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். கடைசி வீடு ஓர் இதய மருத்துவருடையது, தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா, தன் துறைக்கே தலைவர். அவரே கதவைத் திறந்தார், யாரையும் கூப்பிடவில்லை. நித்யா முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"இருபது வருஷமா பேஷன்ட் ரூமுக்குள்ள போறேன்" என்றார். "இன்னிக்கும் என்னைப் பாத்து, டாக்டர் எப்ப வருவார்னு கேக்கறாங்க. வெள்ளையும் கேக்கறான், கறுப்பும் கேக்கறான், நம்மாளு எல்லாருக்கும் முன்னாடி கேக்கறான்."

"ஸோ நீங்க அவங்களுக்குத்தான் போடுவீங்க, இல்லையா ஆன்ட்டி?"

"அதனாலதாம்மா போடப்போறதில்ல. ஜெயிக்க விடமாட்டாங்கன்னு தெரிஞ்சு எதுக்கு? நீ சின்னப் பொண்ணு. நல்ல வேலை இருக்கில்ல? அதைப் பாரு." சொல்லிவிட்டு நித்யாவின் கன்னத்தைத் தொட்டார். அன்பாகத்தான் தொட்டார். எந்த வீட்டிலும் எங்களை யாரும் திட்டவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள்.

ஹூஸ்டன் விமான நிலையத்தில், புறப்பாட்டு வாசலருகே, மாலை 4.20. நித்யா மொபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, ஊர் வேண்டாம். நீ. நான் உன் பொண்ணு இல்ல, ஜஸ்ட் சம் கேர்ள், நம்ம கலர், பேலட்ல பேரு இருக்கு. எதிர்ல ஒரு ஆம்பள, நல்ல ஹைட், நல்ல குரல். யாருக்குப் போடுவே?"

உனக்குத்தான் என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் எதிரே இருந்த பலகையைப் பார்த்தேன். பிட்ஸ்பர்க் விமானம் தாமதம் என்று போட்டிருந்தது. அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் "ஓகே" என்றாள். நியூஆர்க் வரை ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

தேர்தல் முடிவு உங்களுக்குத் தெரியும். நான் போன இரண்டு மாநிலங்களும் எதிர்பார்த்தபடியே போட்டன. அதில் என் பங்கு சுண்டல் அளவுகூட இல்லை.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சொந்தக்காரர் வீட்டை வைத்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டெக்சாஸில் வாடகைக் கார் எடுத்தால் சுங்கச்சாலைக் கட்டணம் எப்படி வசூலிப்பார்கள் என்று கவுன்டரிலேயே கேளுங்கள், எனக்கு ஊர் திரும்பிய பிறகு 47 டாலருக்கு பில் வந்தது. நவராத்திரி வாரம் மாலை ஐந்துக்கு மேல் தமிழர் வீட்டு மணியை அடிப்பதாக இருந்தால் ஒரு பாட்டாவது முழுசாகத் தெரிந்திருக்கட்டும். வீட்டம்மாவிடம் பேச வேண்டுமென்றால் பகல் பதினொரு மணிக்குப் போங்கள், கூப்பிட அங்கிள் இருக்க மாட்டார். மொத்தச் செலவு, இருவருக்கும் சேர்த்து, 1,410 டாலர். மகளோடு போகிறீர்கள் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள். இல்லை, தனியாகப் போங்கள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் குமார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "என்ன சார், பொண்ணு எலக்‌ஷன்ல நிக்குது, சொல்லவே இல்ல? நாமினேஷன் ஃபார்ம்ல சைன் பண்ணச் சொல்லி தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்தாளே! நான் போட்டேன், எங்க வீட்டம்மாவும் போட்டா. உங்க வீட்ல போட்டாச்சாம்மான்னு கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டா."

அன்றிலிருந்து மாலை நடைப்பயிற்சி போகும்போது, எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து, இவர் போடுவாரா, இவர் போடமாட்டாரா என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போகிறேன். ஒருநாள்கூட அவள் ஜெயிக்கவில்லை.