நனையாத மூடி வழியே வந்த ஈரம்: மீமிசலிலிருந்து புதுக்கோட்டைக்கு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் அசடு வழிந்த இடத்தையும் விடமாட்டேன்.

சனிக்கிழமை புதுக்கோட்டையில் அறிவியல் கண்காட்சி. எங்கள் வகுப்பிலிருந்து நானும் ஸ்டெல்லாவும் மட்டும். கடற்கரை ஊரான மீமிசலில் காலை 6.10 பஸ். என் மடியில் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று கண்ணாடி டம்ளர்கள், அவற்றில் ஈரம் பட்டால் ரோஸாக மாறும் நீல மணிகள். ஒரு டம்ளரைப் பாலித்தீனாலும், ஒன்றைச் செலோபேன் தாளாலும், மற்றதை அப்பா குவைத்திலிருந்து அனுப்பிய சிலிக்கோன் மூடியாலும் முந்தாநாளே மூடியிருந்தேன். போன வாரம் இந்த மூன்று மூடும் பொருட்களையும் தண்ணீரில் ஊறவைத்து எடை பார்த்தபோது செலோபேன் மட்டுமே கனத்திருந்தது. அதனால் 'ஈரத்தை உறிஞ்சாத பொருள் ஈரத்தை உள்ளே விடாது' என்று சார்ட்டில் பெரிதாக எழுதிவிட்டேன்.

7.25க்கு அறந்தாங்கியில் பஸ் மாற இறங்கிப் பெட்டியைத் திறந்தேன். செலோபேனுக்குக் கீழே ரோஸ், பாலித்தீனுக்குக் கீழே நீலம். நினைத்தபடிதான். ஆனால் சிலிக்கோனுக்குக் கீழேயும் ரோஸ்!

"மூடிய சரியா அமுக்கலையாடி?" என்றாள் ஸ்டெல்லா.

"நீயே இழுத்துப் பாரு."

இழுத்தாள். அசையவில்லை. "அப்ப ஒன் சார்ட்டுதான் பொய் சொல்லுது. கடக்காத்து மேல பழியப் போட்டுருவமா?"

நான் பெட்டியை மறுபடி மூடினேன்.

7.40 பஸ்ஸில் (டிக்கெட் 30 ரூபாய்) வாசலிலேயே நெரிசல். கண்டக்டர் கத்தினார்: "ஏறுனா மட்டும் போதுமா? உள்ள நகருங்க! அங்கிட்டு ஃபுட்பால் ஆடலாம், அம்புட்டு எடம் கெடக்கு!"

நூலகப் புத்தகத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பொருள் எவ்வளவு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது, அந்த ஈரம் உள்ளே எவ்வளவு வேகமாக நகர்கிறது. இரண்டையும் பெருக்கினால்தான் எவ்வளவு ஊடுருவும் என்பது தெரியும். நான் முதல் பாதியை மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். சிலிக்கோனில் ஏறுவது கொஞ்சம்தான். ஏறியது நிற்காமல் ஓடிவிடுகிறது. பாலித்தீனில் ஏறுவதும் கொஞ்சம், நகர்வதும் மெதுவாக.

8.50க்குப் புதுக்கோட்டையில் இறங்கி, கண்காட்சி அரங்கத் தரையில் உட்கார்ந்து பழைய வரியை ஒரே கோடாக அடித்து, கீழே புதியதை எழுதினேன்: 'எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ஈரத்தை உள்ளே விடும்.'

"அடிச்சத ஏம்மா மறைக்கல?" என்று கேட்டார் நடுவர் அம்மா.

"இன்னைக்குக் காலைல வரைக்கும் அதத்தான் நம்புனேன், மேடம்."

சிரித்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். அப்புறம்தான் காலையில் கட்டிவந்த இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

இப்படிப் போகிறவர்களுக்கு: பெட்டியைக் கிளம்பும் முன்பே திறந்து பாருங்கள். தடித்த ஸ்கெட்ச் பேனா ஒன்று பையில் இருக்கட்டும். பஸ்ஸில் ஏறியதும் உள்ளே நகருங்கள்.

மாலை 5.15, கண்காட்சி முடியும் நேரம். பாலித்தீன் டம்ளர் இன்னும் நீலமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.